குமணன்சாவடித் தோட்டக் குளங்களுக்கு ஏற்ற பம்பு: தேர்வும் பராமரிப்பும்

பூந்தமல்லியை அடுத்த குமணன்சாவடி, கரையான்சாவடிப் பகுதிகளில் வீட்டுத் தோட்டக் குளத்துக்குப் பம்பு தேடுவோர், மேல்நிலைத் தொட்டிக்கு மோட்டார் வாங்குவதுபோலவே குதிரைத்திறனைக் கேட்டு வாங்குவதுதான் பிற்காலத் தொல்லைகள் பலவற்றுக்கும் தொடக்கமாகிறது. தொட்டியை நிரப்பும் மோட்டார் சிறிது நேரம் ஓடி ஓய்ந்துவிடும். மீன் வளரும் குளத்தின் பம்போ இரவும் பகலும் ஓடியாக வேண்டும். 20 டிகிரி வெப்பத்தில் லிட்டருக்கு ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்திருக்கக்கூடிய நன்னீர், சென்னைப் புறநகரில் இயல்பான 30 டிகிரியில் ஏறத்தாழ 7.5 மில்லிகிராமையே தாங்கும். இரவில் நீர்த்தாவரங்களும் பாசியும் ஆக்சிஜனை வெளியிடாமல் உட்கொள்ள மட்டுமே செய்வதால் விடியற்காலையில் அதன் அளவு மிகவும் தாழ்கிறது; ஆகவே மின்கட்டணத்தை எண்ணி இரவில் பம்பை நிறுத்துவது, மீன்களுக்கு அது மிகுதியாகத் தேவைப்படும் நேரத்தில் நிறுத்துவதாகும்.

தேர்வு கொள்ளளவிலிருந்து தொடங்க வேண்டும். 3 மீட்டர் நீளமும் 2 மீட்டர் அகலமும் 60 சென்டிமீட்டர் ஆழமும் கொண்ட குளத்தில் 3,600 லிட்டர் நீர் இருக்கும். அதில் தங்கமீனோ கோய் கெண்டையோ வளருமானால், அந்நீர் முழுவதும் ஒரு மணி முதல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வடிகட்டி வழியாகச் சென்று வர வேண்டும் என்பது பொதுவான கணக்கு. எனவே மணிக்கு 1,800 லிட்டருக்குக் குறையாத பாய்ச்சல் தேவை. ஆனால் பெட்டியின் மேல் அச்சிடப்பட்டுள்ள பாய்ச்சல், நீரைச் சற்றும் உயர்த்தாத நிலையில் கிடைப்பதாகும்; அருகில் குறிக்கப்படும் அதிகபட்ச உயரம், அதாவது ‘ஹெட்’, நீர் வெளிவருவதே நின்றுவிடும் உயரமாகும். 2 மீட்டர் ஹெட் உடைய பம்பு ஒன்றரை மீட்டர் உயரச் சிற்றருவிக்கு மெல்லிய கசிவையே தரும்; 1 மீட்டர் உயர்த்த வேண்டுமெனில் இரண்டரை முதல் 3 மீட்டர் ஹெட் உடையதையே நாட வேண்டும். பம்பின் வாயைவிடக் குறுகிய ஓஸும் அடுக்கடுக்கான எல்போக்களும் பாய்ச்சலை மேலும் குறைக்கும். 15 லிட்டர் வாளி அரை நிமிடத்தில் நிரம்பினால் மணிக்கு 1,800 லிட்டர் கிடைக்கிறது என்று எவரும் வீட்டிலேயே சோதித்துக்கொள்ளலாம்.

வீடுகளில் பரவலாக உள்ள அரைக் குதிரைத்திறன் மோனோபிளாக் பம்பு, மணிக்கு ஏறத்தாழ அரை யூனிட் எடுப்பதாகக் கொண்டாலும், இரண்டு மாதக் கணக்கெடுப்பில் 720 யூனிட் செலவழிக்கும். காந்தச் சுழலி கொண்ட 40 வாட் நீர்மூழ்கிப் பம்புக்கு அதே காலத்தில் 58 யூனிட் போதும். சிறு குளங்களுக்கு இதுவே தகுந்தது. எண்ணெய் நிரப்பிய நீர்மூழ்கி மோட்டாரில் கசிவு ஏற்பட்டால் எண்ணெய் நீரில் படரும் என்பதால் மீன் குளத்தில் அதைத் தவிர்க்க வேண்டும். மின்கலம் இல்லாத சூரிய ஒளிப் பம்பு பகலில் அழகாக நீர் பீச்சினாலும் விடியலுக்கு உதவாது. அதை அலங்காரத்துக்கு மட்டுமே கொள்ளலாம். நீரை உயர்த்தாமல் காற்றுக் குமிழ்களை மட்டும் செலுத்தும் ஏர் பம்பு மிகக் குறைந்த மின்சாரத்தில் ஆக்சிஜன் தருவதால் சிறந்த துணையாகும். ஆனால் அதனால் மட்டும் நீர் வடிகட்டி வழியே சென்று தூய்மையடையாது. அல்லியும் தாமரையும் இலைமேல் ஓயாமல் நீர் தெறிப்பதைத் தாங்கா. எனினும் அசையாத நீரில் கொசுப்புழு பெருகுமாதலால், அச்செடிகள் உள்ள மூலையைக் கப்பி மீன்களிடம் ஒப்படைப்பது நல்ல ஏற்பாடு.

பராமரிப்பில் முதன்மையான எதிரி உப்புத்தன்மை மிகுந்த போர் தண்ணீர். அது விட்டுச்செல்லும் சுண்ணப் படிவு, நீரைத் தள்ளும் இறக்கைச் சக்கரமான இம்பெல்லரிலும் அதன் தண்டிலும் படிந்து சுழற்சியை இறுக்குகிறது. மாதம் ஒருமுறை மின் இணைப்பைத் துண்டித்து, இம்பெல்லரைக் கழற்றி, நீர் கலந்த வினிகரில் ஊறவைத்துக் கழுவினால் படிவு கரைந்துவிடும். வடிகட்டிப் பஞ்சை மட்டும் குழாய்நீரில் கழுவலாகாது. மீன் கழிவிலுள்ள அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பின் நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிரிகள் அதில்தான் குடியிருக்கின்றன. குளோரின் கலந்த நீர் அவற்றை அழித்துவிடும் என்பதால் குளத்து நீரையே வாளியில் எடுத்து அலச வேண்டும். பம்பைச் சேற்றில் வைக்காமல் செங்கல்மேல் உயர்த்தி வைத்தால் அடைப்பு குறையும். ஓஸ் கழன்றாலும் குளம் முழுதும் வற்றாது. மின்கசிவை உணர்ந்து இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. கருவியும் எர்த் இணைப்பும் இல்லாமல் எந்தப் பம்பையும் நீரில் இறக்கக் கூடாது. இதில் செலவு பார்ப்பது உயிரோடு விளையாடுவதாகும்.

வடகிழக்குப் பருவமழையின்போது மின்தடை நீளக்கூடும். 2016 டிசம்பர் 12 அன்று கரையைக் கடந்த வர்தா புயலுக்குப் பின் புறநகர்கள் பல நாள் இருளில் கிடந்தன. அத்தகைய நாட்களுக்கு மின்கலத்தில் இயங்கும் ஏர் பம்பு ஒன்று வீட்டில் இருக்க வேண்டும். காற்றுக்குழாய் வழியாக நீர் பின்னோக்கி இறங்கிக் கருவியைக் கெடுக்காதிருக்க, ஏர் பம்பை நீர்மட்டத்துக்கு மேலே வைக்க வேண்டும். மின்சாரம் நீண்ட நேரம் கழித்துத் திரும்பும்போது, மூடிய வடிகட்டிப் பெட்டியில் ஆக்சிஜனின்றித் தேங்கிய நீர் கெட்டுப்போயிருக்கும். அதை வெளியே வடித்து, பஞ்சைக் குளத்து நீரில் அலசிய பிறகே பம்பை மீண்டும் இயக்க வேண்டும்.