முதிராத சினைமுட்டையை ஆய்வுக்கூடத்தில் முதிர்வித்தல்

சென்னைப் பட்டணத்தின் வடபாகத்தில், இராயபுரம் தொடங்கித் திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரையில், துறைமுகமும் ஆலைகளும் தொழிலாளர் குடியிருப்புக்களும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. இவ்விடத்து ஜனங்களின் பால் தேவைக்காக வெளி ஜில்லாக்களிலிருந்து நல்ல கறவை எருமைகளும் பசுக்களும் நெடுங்காலம் பட்டணத்துக்குக் கொண்டுவரப்பட்டன. கன்று ஈன்றதும் வந்து சேர்ந்த உருப்படி, பால் வற்றும் வரையில் கறக்கப்படும். அதற்குப் பின் அதனைச் சினைப்படுத்தி, அடுத்த ஈற்று வரையில் தீனியிட்டுக் காப்பதற்குப் பட்டணத்தில் இடமும் இல்லை, புல்லும் இல்லை. ஆகவே மூன்றாம் ஈற்று, நான்காம் ஈற்றிலிருந்த சிறந்த கறவைகளும் கசாப்புக்காரர் வசம் சேர்ந்தன. கிராமத்தில் குடியானவர் பல வருஷம் தேடி வளர்த்த வித்து, பட்டணத்தில் வாரிசின்றி அழிந்தது.

இவ்வாறு அழியும் உருப்படியின் வயிற்றிலும் சினைப்பைகள் இரண்டு உள. அவற்றுள் முதிராத சினைமுட்டைகள் பல உறங்கிக் கிடக்கின்றன. அவற்றை வெளியே எடுத்து, ஆய்வுக்கூடத்தில் முதிர்வித்து, விந்துடன் சேர்த்துக் கருவாக்கி, வேறொரு பசுவின் கருப்பையில் வைத்துக் கன்று பெறலாம் என்பது இன்று நிலைநாட்டப்பட்ட உண்மை. இதன் விவரத்தையும், இதனால் ஆகக்கூடியது இன்னது, ஆகாதது இன்னது என்பதையும் கால்நடை வைத்திருப்போரும் கிராம அதிகாரிகளும் அறிந்துகொள்ளுதல் நலம்.

சினைமுட்டையின் இயல்பு

கிடாரிக் கன்று பிறக்கும்போதே தன் ஆயுளுக்கு வேண்டிய சினைமுட்டைகள் யாவற்றையும் உடன் கொண்டு பிறக்கிறது. பசுவில் இவற்றின் தொகை லட்சத்துக்கு மேற்படும். ஆனால் பருவமடைந்த பின், சுமார் 21 நாளைக்கு ஒருமுறை வரும் சினைப்பருவத்தில் சாதாரணமாக ஒரே முட்டைதான் முதிர்ந்து வெளிப்படுகிறது. அதனுடன் வளரத் தொடங்கிய மற்றவை சுருங்கி அழிந்துபோகின்றன. பசு தன் வாழ்நாளில் ஈனும் கன்றுகள் பத்துக்கு மேற்படுவது அரிது. ஆகவே இயற்கை அளித்த முட்டைகளில் மிகப் பெரும்பாலானவை பயனின்றியே போகின்றன.

முதிர்தல் என்பது யாதெனில், பசுவின் உடலணு ஒவ்வொன்றிலும் 60 குரோமோசோம்கள் உள்ளன. முர்ரா போன்ற ஆற்றெருமைகளில் 50 உள்ளன. முட்டையானது விந்தணுவை ஏற்பதற்கு முன் இத்தொகையில் பாதியை ஒரு சிறு உருண்டையாக வெளியே தள்ளிவிட வேண்டும். அப்போதுதான் தாயின் பாதியும் தந்தையின் பாதியும் கூடிக் கன்றுக்கு முழுத்தொகை அமையும். இவ்வேலை தொடங்கிய நிலையிலேயே, கன்று பிறப்பதற்கு முன்னரே, முட்டை உறங்கிவிடுகிறது. பருவகாலத்தில் மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியினின்று வரும் சுரப்புநீர் அதனை மீண்டும் எழுப்புகிறது. எழுந்த முட்டை சுமார் ஒரு நாளில் முதிர்ந்து வெளிப்படும்.

கண்டறிந்த வரலாறு

1935-ஆம் வருஷத்தில் அமெரிக்காவில் பின்கஸ், என்ஸ்மன் என்னும் இருவர், முயலின் முட்டையை அதன் நீர்ப்பையினின்று பிரித்து வெளியே வைத்தபோது அது தானாகவே முதிரத் தொடங்கியதைக் கண்டனர். முட்டையை உறக்கத்தில் வைத்திருப்பது அதனைச் சூழ்ந்துள்ள நீர்ப்பையே என்பது இதனால் தெளிவாயிற்று. 1965-ல் இங்கிலாந்தில் இராபர்ட் எட்வர்ட்ஸ் என்பார் மனித முட்டைகளும் அவ்வாறே வெளியில் முதிரும் என்று காட்டினார். அவருடைய உழைப்பின் தொடர்ச்சியாகவே 1978-ல் உலகின் முதற் சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்தது.

மாட்டினத்தில் 1981-ல் அமெரிக்காவில் உடலுக்கு வெளியே கருவாக்கப்பட்ட முதற் கன்று பிறந்தது. எனினும் அம்முட்டை பசுவின் உடலிலேயே முதிர்ந்தது. முட்டையை முதிர்விப்பதும் வெளியிலேயே நடந்து, அதனின்று கன்று பெறப்பட்டது பின்னர் ஜப்பானில். அதே பத்தாண்டினுள் அதுவும் கைகூடிற்று. எருமையினத்தில் இம்முறையால் முதற் கன்றை உலகுக்கு அளித்த பெருமை நம் தேசத்துக்கே உரியது. ஹரியானாவிலுள்ள கர்னால் தேசியப் பால்வள ஆராய்ச்சி நிலையத்தில் 1990-ல் பிறந்த அக்கன்றுக்குப் ‘பிரதம்’ எனப் பெயரிட்டனர். 2021-ல் குஜராத்தில் ஒரு குடியானவரின் பண்ணையில் பன்னி எருமைக் கன்று ஒன்று இவ்வாறே பிறந்தது.

சென்னையில் 1903-ல் வேப்பேரியில் தொடங்கப்பட்ட கால்நடை மருத்துவக் கல்லூரியும், 1989-ல் நிறுவப்பட்டு மாதவரம் பால்பண்ணையில் தலைமையிடம் கொண்ட தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமும் இத்துறையில் பாடுபட்டுள்ளன. பெரம்பூர் இறைச்சிக்கூடத்துச் சினைப்பைகள் இத்தகைய ஆராய்ச்சிகளுக்கு உதவி வந்திருக்கின்றன. இவ்வேலைக்குச் சமீபமே பிரதானம்; அறுத்த சில மணி நேரத்துக்குள் சினைப்பை மேசைக்கு வந்து சேராவிடில் முட்டை கெட்டுப்போகும்.

செய்யும் முறை

இறைச்சிக்கூடத்தில் எடுத்த சினைப்பைகள் உடனே கழுவப்பட்டு, கிருமிநாசினி மருந்து கலந்த வெதுவெதுப்பான உப்புநீரில், தெர்மாஸ் குடுவையில் வைத்துக் கொண்டுவரப்படும். அவற்றின் மேற்புறத்தில் 2 முதல் 8 மில்லிமீட்டர் வரையுள்ள நீர்ப்பைகளை ஊசியால் குத்தி உள்ளிருக்கும் நீரை உறிஞ்சுவர். அந்நீரைப் பூதக்கண்ணாடியின் கீழ்ப் பார்த்து முட்டைகளைப் பொறுக்குவர். முட்டையைச் சுற்றிப் பல அடுக்காகப் போஷணை அணுக்கள் ஒட்டியிருக்க வேண்டும். மேலுறை உதிர்ந்த முட்டை, உமி நீங்கிய விதைநெல்லைப் போன்றது, அதனைத் தள்ளிவிடுவர்.

தேர்ந்த முட்டைகளைச் சத்துநீரில் இட்டு, அதனுடன் சீரமும் பருவச் சுரப்புநீர்களும் சேர்த்து, 38.5 பாகை சென்டிகிரேடு சூட்டில், நூற்றுக்கு 5 பங்கு கரியமிலவாயு கலந்த ஈரக்காற்றில், சுமார் 24 மணி நேரம் வைப்பர். இச்சூடு பசுவின் உடற்சூடேயாகும். முட்டை முதிர்ந்ததும் அதன் மேலுறை பஞ்சுபோல் விரியும். பின்னர்ப் பக்குவப்படுத்திய விந்தணுக்களுடன் அதனைச் சேர்ப்பர். உண்டான கருவை ஏறக்குறைய ஏழு நாள் வளர்த்து, அதே வேளையில் பருவம் வந்து ஏழாம் நாளில் இருக்கும் வேறொரு பசுவின் கருப்பையில் வைப்பர். அல்லது உறையவைத்துப் பின்னர் உபயோகிப்பர்.

நூறு பசு முட்டைகளை எடுத்துக்கொண்டால் ஏறக்குறைய 90 முதிர்கின்றன. 80 விந்தை ஏற்கின்றன. ஆயினும் ஏழாம் நாள் வரையில் கருவாகத் தேறுபவை 30 முதல் 40 தான். வைக்கப்பட்ட கருக்களிலும் பாதிக்கு மேல் சினை நிற்பதில்லை. இதற்குக் காரணம், கருவின் உள்ளணு முதிர்ந்தாலும் முட்டையின் உட்சத்து உடன் முதிராமையே. பால் பிடிக்கும் பருவத்திலேயே அறுத்த நெல்லைக் களத்தில் உலர்த்தினால் நிறம் மாறுமேயன்றி முளைப்புத்திறன் முழுதும் வருவதில்லை. அதனைப் போன்றதே இதுவும்.

எருமையில் இத்தடை இன்னும் பெரிது. பசுவின் சினைப்பையினின்று கிடைப்பதில் ஒரு சிறு பங்கே எருமையில் கிடைக்கிறது. பல வேளைகளில் ஒன்றிரண்டு நல்ல முட்டைகளுக்கு மேல் அகப்படுவதில்லை. அதன் முட்டையில் கொழுப்பு மிகுதியாதலால் உறையவைத்துக் காப்பதும் எளிதன்று.

உயிருள்ள பசுவினின்று எடுத்தல்

இறைச்சிக்கூடத்து முட்டையில் ஒரு பெருங்குறை உண்டு. தாய் எத்தனை படி கறந்தது, அதன் தாய் எப்படிப்பட்டது, என்ன நோய் இருந்தது என்பவை தெரியா. ஆராய்ச்சிக்கும் பயிற்சிக்கும் அது போதும், இனவிருத்திக்குப் போதாது. ஆகவே 1980-களின் இறுதியில் ஹாலந்து தேசத்தார், கேளா ஒலிக்கருவியால் சினைப்பையைத் திரையில் பார்த்தவாறே, உயிருள்ள பசுவினின்று ஊசியால் முட்டைகளை உறிஞ்சும் வழியைக் கண்டனர். பசுவுக்குக் கேடின்றி வாரத்துக்கொருமுறையும் இதனைச் செய்யலாம். 2014-ல் மத்திய அரசாங்கம் தொடங்கிய இராஷ்டிரிய கோகுல இயக்கத்திலும் இம்முறைக்கு இடம் தரப்பட்டது. எண்ணிக்கை குறைந்துவரும் ஆலாம்பாடி மாடு, நீலகிரித் தோடா எருமை போன்ற நம் நாட்டினங்களுக்கு இது துணையாகக்கூடும்.

மனிதர் சிகிச்சையிலும் இதே முறை உபயோகமாகிறது. 1991-ல் கொரியா தேசத்தில் இவ்வாறு முதிர்வித்த முட்டையினின்று குழந்தை பிறந்த செய்தி வெளியாயிற்று. சினைப்பையில் சிறு நீர்க்கட்டிகள் மிகுந்துள்ள ஸ்திரீகளுக்கு மிகுதியான சுரப்புநீர் ஊசிகள் போட்டால் வயிறு வீங்கி அபாயம் நேரிடலாம். அவர்களுக்கு ஊசியைக் குறைத்து, முதிராத முட்டையை எடுத்து வெளியே முதிர்விப்பது பாதுகாப்பானது. வழக்கமான முறையைவிடப் பலன் சற்றுக் குறைவாதலால், தேர்ச்சி பெற்ற மருத்துவரே இன்னாருக்கு ஏற்றது என்று தீர்மானிக்க வேண்டும்.

குடியானவர்கள் கவனிக்கவேண்டியவை

1. இம்முறை மலட்டுத்தன்மைக்கு மருந்தன்று. பல தடவை சினையூசி போட்டும் நிற்காத பசுவை முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டவேண்டும். தீனிக் குறைவு, தாது உப்புக் குறைவு, கருப்பை நோய், பருவத்தைக் கவனியாமை ஆகியவையே பெரும்பாலும் காரணம். காலையில் பருவம் கண்டால் மாலையிலும், மாலையில் கண்டால் மறுநாட் காலையிலும் சினைப்படுத்தும் பழைய விதியைத் தவறாமற் கடைப்பிடித்தாலே பல பசுக்கள் சினைப்படும்.

2. கருவைச் சுமக்கும் பசு நல்ல உடற்கட்டும் ஒழுங்கான பருவமும் உடையதாய் இருத்தல் வேண்டும். கரு எவ்வளவு உயர்ந்ததாயினும் மெலிந்த பசுவில் நிலையாது.

3. இவ்வகைக் கன்றுகளுள் சில சாதாரண எடைக்கு மேற்பட்டுப் பிறப்பதுண்டு. ஈனும் காலத்தை முன்கூட்டிக் குறித்துவைத்து, மருத்துவ உதவி கிடைக்க ஏற்பாடு செய்துகொள்ளவேண்டும்.

4. ஒரே தாயின் கன்றுகள் ஒரே ஊரில் பெருகினால், பின்னர் இரத்தக் கலப்பு நெருங்கி இனம் நலியும். கன்றுகளைப் பல ஊர்களுக்குப் பிரித்தளிப்பதும், பொலிகாளையை மாற்றுவதும் அவசியம்.

5. கருவை விலைக்குக் கொடுப்போரிடம் தாய் தந்தையரின் பால் கணக்கையும் நோய்ப் பரிசோதனைச் சான்றையும் எழுத்து மூலமாகக் கேட்டுப் பெறவேண்டும்.

கிராம அதிகாரிகளின் கடமை

ஊரில் சிறந்த உருப்படி எது என்று தெரியாவிடில், எந்த ஆய்வுக்கூடமும் உதவ முடியாது. ஆகவே, 12 இலக்க எண்ணுள்ள காது வில்லை ஒவ்வொரு மாட்டுக்கும் பொருத்தப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பதும், ஈற்று, பால் அளவு, சினையூசி தேதி ஆகியவற்றைப் பதிவு செய்யும்படி குடியானவரைத் தூண்டுவதும் கிராம நிர்வாக அலுவலரும் ஊராட்சித் தலைவரும் செய்யத்தக்க உதவி. நல்ல கறவையொன்று வற்றியவுடன் விலைப்படுவதாகத் தெரியவந்தால், அதனைக் கால்நடை உதவி மருத்துவருக்கு அறிவிப்பதும் நலம். உயிரோடிருக்கையில் அதனின்று ஒரு கன்று பெறுவது எளிது. இறந்த பின் சில மணி நேரத்துக்குள் முட்டையைக் காப்பது ஆய்வுக்கூடத்துக்குச் சமீபமான இடத்தில் மட்டுமே சாத்தியம்.

பட்டணத்துக்கு ஓட்டிச் சென்ற கறவையோடு அதன் வம்சமும் முடிந்துபோனதற்குக் காரணம், அதன் பெருமையை எழுதிவைப்பார் இல்லாமையும், வற்றிய காலத்தில் தீனி போடுவார் இல்லாமையுமே. முட்டையை வெளியே முதிர்விக்கும் வித்தை இன்று கைவந்துள்ளது. ஆயினும் எந்தப் பசுவின் முட்டையை முதிர்விப்பது என்பதற்கு விடை தொழுவத்திலுள்ள கணக்குப் புத்தகத்தில்தான் இருக்கிறது. அப்புத்தகத்தை இன்றே தொடங்குவார்க்கு இவ்வித்தை பயன்படும்.