கற்ற கல்லூரிக்கு இணையர் வகுக்கும் கொடை

பயின்ற கல்லூரிக்குப் பழைய மாணவர் நன்கொடை அளித்தல் நாம் நன்கறிந்த ஒன்றாகும். விழா மேடையில் காசோலை கைமாறும். கல்வெட்டில் பெயர் ஏறும். இதனின் வேறான ஒரு கொடைமுறை அமெரிக்கக் கல்லூரிகளில் வேரூன்றியுள்ளது. ஒரே கல்லூரியில் பயின்று மணம் புரிந்த கணவனும் மனைவியும் தம் முதுமையையும் கல்லூரியின் எதிர்காலத்தையும் ஒருசேர எண்ணி வகுப்பது அது. 'திட்டமிட்ட கொடை' என அதனை ஈண்டு வழங்குவோம்.

இது பெருஞ்செல்வர்க்கே உரியதன்று. ஆசிரியப் பணியில் ஓய்வு பெற்ற இணையரிடம் ரொக்கம் மிகுதியாக இராது. ஒரு வீடும் சில பங்குகளும் இருக்கலாம். அவற்றை இன்றே கொடுத்துவிட்டால், ஒருவர் மறைந்தபின் மற்றவர் எதைக்கொண்டு வாழ்வார்? இவ்வினாவே இம்முறையின் உயிர்நாடி.

அதற்கு இரு வழிகள் கண்டனர். ஒன்று, பொருளைக் கல்லூரியிடம் ஒப்படைத்து, இருவர்க்கும், பின்னர் எஞ்சியவர்க்கும், ஆயுள்வரை ஆண்டுதோறும் நிலையான தொகை பெறும் ஒப்பந்தம். இரண்டு ஆயுளைத் தாங்கவேண்டியிருப்பதால், தனி ஒருவர்க்குரிய விகிதத்தைவிட இது சற்றுக் குறையும். கலிபோர்னியாவிலுள்ள பொமோனா கல்லூரி 1940-களிலேயே இத்தகைய ஆயுள் வருவாய்க் கொடைகளைப் பரப்பி முன்னோடியாயிற்று.

மற்றொன்று அறக்கட்டளை வழி. 1969-ஆம் ஆண்டு வரிச்சட்டம் இதற்கு இன்றைய வடிவம் தந்தது. ஆண்டுக்கு 5 விழுக்காட்டிற்குக் குறையாமல் இணையர்க்கு வழங்கவேண்டும்; அவர்கட்குப் பின் எஞ்சுவது கல்லூரியைச் சேரும். 1,00,000 டாலர் வைத்தவர்க்கு முதலாண்டில் 5,000 டாலரேனும் கிட்டும். ஆயின் எழுதிய அறக்கட்டளையைத் திரும்பப் பெறுதல் இயலாது. உயில் அவ்வாறன்று, உயிருள்ளவரை மாற்றலாம்.

இதனைப் படிக்குங்கால் வக்ஃபு நம் நினைவுக்கு வருவது இயல்பே. குடும்பத்தார்க்கென ஏற்படுத்தப்பட்ட ஒரு வக்ஃபு செல்லாது என 1894-இல் இலண்டன் பிரிவிக் கவுன்சில் தீர்ப்பளித்தது. முஸ்லிம்களிடையே எழுந்த மனக்குறையின் விளைவாக, ஜின்னா முன்னின்று கொணர்ந்த 1913-ஆம் ஆண்டுச் சட்டம் அத்தகைய வக்ஃபுகளுக்கு ஏற்பளித்தது. ஹனஃபி மத்ஹபினர் தம் ஆயுள்காலப் பராமரிப்புக்கும் அதிலிருந்து பெறலாம். இறுதிப் பயன் மட்டும் நிலையான அறத்திற்குச் செல்லவேண்டும் என்றது அச்சட்டம். ஒன்றைப் பார்த்து மற்றொன்று தோன்றிற்று என நாம் கூறவரவில்லை. கவலை ஒன்றாதலின் விடையும் ஒத்திருக்கிறது.

வஸிய்யத்துக்கோ எல்லை உண்டு. தம் பொருள் முழுவதையும் அறத்திற்கு எழுத விழைந்த ஸஅத் பின் அபீ வக்காஸ் (ரலி) அவர்களுக்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மூன்றில் ஒரு பங்கையே அனுமதித்து, அதுவும் மிகுதியே என உரைத்தார்கள். மனைவியின் பொருள் மனைவிக்கே உரியது. அதில் கணவர் எழுத இயலாது. எனவே இணையர் கொடை என நாம் சொல்வது, நம்மிடையே, இருவர் தனித்தனியே எழுதும் இரு வஸிய்யத்துகளாகவே அமையும். கணவரின் கையொப்பம் மட்டும் போதும் என எண்ணும் பழக்கம் நம்மவரிடம் இன்னும் உள்ளது!

எழுதுவோர் நோக்கத்தை மிகக் குறுக்குதலும் நன்றன்று. தட்டச்சுப் பயிற்சிக்கு மட்டும் என அன்று ஒருவர் எழுதியிருப்பின், இன்று அப்பணத்தை எங்ஙனம் செலவிடுவது? 'அப்பிரிவு இல்லாதொழியின், அதனை ஒத்த பிறிதொரு கல்விப்பணிக்கு' என ஒரு வரி சேர்த்தால் போதும். எழுதிய தாளின் படியொன்றைக் கல்லூரிக்கும், மற்றொன்றைப் பிள்ளைகளுக்கும், இருவரும் நலமாயிருக்கும்போதே கொடுத்துவிடவேண்டும்.