மெல்போர்னின் கிளென் வேவர்லியில் காசு சேர்க்கத் தொடங்கும் இளைஞருக்கு ஒரு கடிதம்

1966 பிப்ரவரி 14 அன்று ஆஸ்திரேலியா பவுண்டையும் ஷில்லிங்கையும் விட்டு டாலருக்கு மாறியது. சேகரிப்போருக்கான அந்த ஆண்டின் செட்டில் 1, 2, 5, 10, 20, 50 சென்ட் என ஆறு காசுகள். கான்பெராவிலுள்ள ராயல் ஆஸ்திரேலியன் மின்ட் அதை இரு வகையாக வெளியிட்டது. ஒன்று, புழக்கத்துக்குப் போகாத சாதாரணக் காசுகள். மற்றது புரூஃப்: மெருகேற்றிய தகட்டில் மெருகேற்றிய அச்சால் அடித்தது, தளம் கண்ணாடிபோல் முகம் காட்டும். இரண்டுக்கும் விலை வேறு. விற்பவர் "மின்ட் செட்" என்று பொதுவாகச் சொன்னால், எது என்று முதலில் கேட்டுத் தெளிய வேண்டும்.

பெட்டியும் சான்றிதழும் சாட்சி ஆகா. காலிப் பெட்டி தனியே விலைக்குக் கிடைக்கிறது; சான்றிதழை அச்சடிப்பதும் பெரிய வித்தையல்ல. விசாரிக்க வேண்டியது காசைத்தான்.

செட்டின் உயிர் வட்டமான 50 சென்ட். வெள்ளி 80 சதவீதம், செம்பு 20, எடை 13.28 கிராம், குறுக்களவு 31.5 மில்லிமீட்டர். வெள்ளி விலை ஏறி, காசின் உலோகம் முகமதிப்பைத் தாண்டியதால் அந்த ஓர் ஆண்டோடு அது நின்றது. 1969இல் பன்னிரண்டு பக்கச் செம்பு-நிக்கல் காசு வந்தது. வட்டக் காசைச் சோதிக்க 0.01 கிராம் வரை காட்டும் சிறு தராசு வேண்டும். சமையலறைத் தராசு உதவாது. அதே அளவில் செம்பு-நிக்கலில் செய்த போலி 11.7 கிராம் அளவுக்குத்தான் நிற்கும். தடிமனைக் கூட்டி எடையைச் சரிக்கட்டியிருந்தால் தண்ணீர் காட்டிக்கொடுக்கும். சிறு டம்ளரில் நீர் ஊற்றித் தராசில் வைத்து, எண்ணைச் சுழியாக்கி, காசை நூலில் கட்டி அடியைத் தொடாமல் மூழ்கவிட வேண்டும். வெள்ளிக் காசானால் தராசு 1.31 கிராம் காட்டும், செம்பு-நிக்கலானால் 1.49. உதிரிக் காசுக்கு மட்டுமே இந்தச் சோதனை; புரூஃபை நனைக்கக் கூடாது. காந்தத்தை அதிகம் நம்பவும் கூடாது. இரும்பு இருந்தால்தான் அது பிடிக்கும். வெள்ளியும் ஒட்டாது, செம்பு-நிக்கலும் ஒட்டாது.

எடை சரியாக இருந்தும் செட் கலப்படமாக இருக்கலாம். 1 சென்ட்டில் இறகுவால் கிளைடர் என்னும் சிறு விலங்கின் உருவம் உண்டு. 1966இல் இந்தக் காசு மெல்போர்னிலும் பெர்த்திலும்கூட அடிக்கப்பட்டது. அங்கே அடித்தவற்றில் விலங்கின் மீசைமுடி ஒன்றின் நுனி மழுங்கியிருக்கும். கான்பெராக் காசில் எல்லா நுனியும் கூர்மை. பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லென்ஸில் மழுங்கிய மீசை தெரிந்தால், யாரோ ஒருவர் காசை மாற்றிப் போட்டிருக்கிறார் என்று சந்தேகப்படலாம். லென்ஸின் தேவைக்கு இன்னொரு சாட்சி 1930 பென்னி. மெல்போர்ன் நாணயச்சாலையில் சுமார் 1,500 மட்டுமே அடிக்கப்பட்டன. வேறு ஆண்டுப் பென்னியின் இலக்கத்தைச் செதுக்கி 1930 ஆக்கும் போலி, அசல் உலோகம் என்பதால் எடையில் தேறிவிடும். இலக்கத்தின் ஓரத்தில்தான் அகப்படும்.

அடுத்தது நிலை. வெள்ளிப் பாத்திரத்தைத் திருநீறு போட்டுத் துடைக்கும் நம் வீட்டு வழக்கம் காசுக்கு எமன். தேய்த்த காசில் ஒரே திசையில் மெல்லிய கீறல்கள் ஓடும். விலை சட்டென்று விழும். இயல்பாகப் படிந்த கருமை குறை அல்ல. பிசுபிசுப்பான பச்சை மட்டும் ஆபத்து: மென்மையான பிளாஸ்டிக் உறை கசிந்து காசை அரிக்கிறது என்று பொருள்.

தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாம் ஆண்டுக்கு 2010இல் இந்திய அரசு வெளியிட்ட 1,000 ரூபாய்க் காசுக்கும் இதே கணக்குதான். 35 கிராம், அதில் வெள்ளி 80 சதவீதம்; நீரில் 3.45 கிராம் காட்ட வேண்டும். இலங்கையின் 1957 புத்த ஜயந்தி 5 ரூபாயின் மாற்று உயர்ந்தது: 28.28 கிராமில் வெள்ளி 92.5 சதவீதம். தங்க முலாம் பூசிய தனியார் "நினைவுச் செட்"டுகளுக்கு இந்த வரிசையில் இடமில்லை. பெரும்பாலும் அவை நாணயமே அல்ல, பதக்கம்.

விலைக்கு அடிமட்டம் உலோகம். வெள்ளி விலையை 31.1 கிராம் டிராய் அவுன்ஸுக்குச் சொல்வார்கள். வட்ட 50 சென்ட்டில் அதில் 0.34 பங்கு இருக்கிறது. அதற்கு மேல் கொடுப்பது அரிதான தன்மைக்கும் நிலைக்கும். ரெனிக்ஸ் விலைப்பட்டியலில் காண்பது கடைக்காரர் விற்கும் விலை. வாங்கும்போது அவர் குறைத்தே தருவார். இணையத்தில் கேட்கும் விலையைப் பார்க்காமல், ஏலத்தில் உண்மையில் விற்ற விலையைப் பார்ப்பது நல்லது.

கிங்ஸ்வே தெருக் காபிக் கடை மேசையில் தராசை எடுத்து வைத்ததும் முகம் சுளிக்கும் விற்பவரிடம் வாங்க வேண்டாம்.