வாலிபர் கையில் இருபது பிள்ளைகள்



தலைமைத்துவம் என்றதும் மேடை, மைக் என்றே நம் நினைப்பு ஓடுகிறது. இந்தப் பாடத்துக்கு ஒரு தெருத் திண்ணை போதும்.

கொரோனாவால் 2020 மார்ச்சில் பூட்டிய பள்ளிகளில், ஒன்று முதல் எட்டு வரையான வகுப்புகள் 2021 நவம்பர் 1-ல்தான் தமிழ்நாட்டில் திறந்தன. அதற்குள் எத்தனையோ பிள்ளைகளுக்கு எழுத்தே மறந்துபோச்சு. திறப்பதற்குச் சில நாள் முன்பு, அக்டோபர் 27 அன்று, நம் விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் பக்கத்து முதலியார்குப்பத்தில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தைத் தொடங்கிவைத்தார். தன்னார்வலர் ஒருவருக்கு இருபது பிள்ளைகள் வரை. மாலை 5 முதல் 7 மணிக்குள் ஒன்று, ஒன்றரை மணி நேரம். மாதம் 1000 ரூபாய் ஊக்கத்தொகை. தொடக்க வகுப்புகளை நடத்த பிளஸ் டூ படிப்பு போதும் என்றார்கள். முன்வந்தவர்களில் பெண்களே அதிகம்.

"ஆயிரம் ரூபாய்க்கு இவ்வளவு பாடா?" என்று திண்டிவனத்தில் என்னிடமே கேட்டதுண்டு. கணக்குப் பார்த்தால் நியாயமான கேள்விதான்.

ஆனால் அந்தத் திண்ணையில் நடக்கிற காரியத்தைக் கவனியுங்கள். ஒரே பாயில் ஒருத்தனுக்கு 'அ', இன்னொருத்திக்கு வகுத்தல் கணக்கு. ரெண்டையும் ஒரே ஆள் பார்க்க முடியாது. பெரிய பிள்ளையிடம் சின்னதை ஒப்படைத்தே ஆகவேண்டும். எத்திரோ தன் மருமகன் மோசேக்குச் சொன்ன யோசனையும் இதுதானே! (யாத்திராகமம் 18)

நாலு நாள் வராத பையனின் வீட்டுக்கும் அவள்தான் போகவேண்டும். "அவன் ஆடு மேய்க்கப் போறான், விடும்மா" என்பார் தகப்பன். அவள் பள்ளிக்கூட டீச்சர் இல்லை. பேரை நீக்குவேன் என்று மிரட்ட முடியாது. கோபத்தை அடக்கி, "அண்ணே, ஆட்டை அடைச்சிட்டு ஆறு மணிக்காவது அனுப்புங்க" என்று பேசித்தான் வழிபண்ணவேண்டும். அதிகாரம் கையில் இல்லாமலே ஒருவரை இணங்கவைக்கும் இந்தப் பழக்கம் பின்னால் வேலையிலும் குடும்பத்திலும் உதவும். எந்தப் பயிற்சி முகாமும் இதை மூன்று நாளில் கொடுத்துவிடாது.

இதைக் கெடுக்கிறது பெரும்பாலும் பெரியவங்கதான். "நீ சின்னப் பொண்ணு, நான் பேசிக்கிறேன்" என்று நடுவில் புகுந்துவிடுகிறோம். அத்தோடு அவள் உதவியாள் ஆகிவிடுகிறாள்.

மே மாத விடுமுறை வேதாகமப் பள்ளியில் நம் வாலிபருக்கு நாற்காலி போடும் வேலையோடு முடித்துவிடாதிருங்கள். ஆளுக்கு எட்டுப் பிள்ளைகளைக் கொடுங்கள். வராத பிள்ளையின் வீட்டுக்கு அவர்களே போகட்டும். வருகைப் பதிவு நோட்டும் அவங்க கையிலேயே இருக்கட்டும், கடைசி நாள் வரைக்கும் திருப்பிக் கேட்காதிங்க.