வாசலில் உட்கார்ந்திருந்த அம்மா

அன்புள்ள பாப்பாவுக்கு,

அத்தை எழுதிக்கொள்வது. ஜூன் விடுமுறையில் சபை வாலிபர்களோடு கம்போடியாவுக்கு மிஷன் ட்ரிப் போகிறாய் என்று அப்பா சொன்னார். ஒன்பது நாள், சியாம் ரீப் பக்கத்தில் ஓர் அநாதை இல்லம், காலையில் விபிஎஸ் என்ற விடுமுறை வேதாகம வகுப்பு, மாலையில் விளையாட்டு, ஒரு நாள் சுவருக்குப் பெயின்ட். 1,200 வெள்ளி சேர்க்க வார இறுதியில் கடையில் நின்று வேலை பார்க்கிறாயாம். கேட்டதும் மனசு நிறைந்துபோனது. அப்புறம் இரண்டு ராத்திரி சரியாகத் தூங்கவில்லை. போனில் சொன்னால் பாதியில் அழுதுவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

நானும் போயிருக்கிறேன், பாப்பா. உன்னைவிட நாலைந்து வயது கூட எனக்கு அப்போது. அதே சியாம் ரீப், வேறு இல்லம். வேனிலிருந்து இறங்கக்கூட இல்லை, பிள்ளைகள் ஓடிவந்து ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டார்கள். ஆறு வயசிருக்கும் ஒரு சின்னப் பெண், நேராக வந்து என் இடுப்பில் ஏறிக்கொண்டாள். அவள் பாஷை எனக்குத் தெரியாது, என் பாஷை அவளுக்குத் தெரியாது. சாப்பிடும்போதும் பாட்டுப் பாடும்போதும் இறங்கவே மாட்டாள். இப்படி ஓர் அன்பை வாழ்நாளில் பார்த்ததில்லை என்று நினைத்தேன். மூன்றாம் நாள் சாயங்காலம் இன்னொரு தேசத்திலிருந்து வேறொரு குழு வந்து இறங்கியது. என் இடுப்பிலிருந்து நழுவி ஓடி, முதலில் இறங்கிய பெண்ணின் இடுப்பில் அதே மாதிரி ஏறிக்கொண்டாள். திரும்பிப் பார்க்கவில்லை.

அது என்ன என்று விளங்க எனக்குப் பல வருஷம் ஆனது. ருமேனியாவைப் பற்றிப் படித்தபோதுதான் பிடிபட்டது. 1989 டிசம்பரில் அங்கே சௌசெஸ்குவின் ஆட்சி கவிழ்ந்தபோது லட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் அரசு இல்லங்களில் இருந்தார்கள். நிறையக் குழந்தைகள் படுத்திருந்த அறைகளில் அழுகைச் சத்தமே கேட்கவில்லையாம். அழுதால் யாரும் வரமாட்டார்கள் என்று அந்தப் பிஞ்சுகள் கற்றுக்கொண்டிருந்தன. 2000-இல் சார்ல்ஸ் நெல்சன், நேதன் ஃபாக்ஸ், சார்ல்ஸ் ஸீனா என்ற மூன்று ஆய்வாளர்கள் புக்கரெஸ்ட் நகர இல்லங்களில் இருந்த 136 குழந்தைகளை எடுத்துக்கொண்டு, பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்துப் பல வருஷம் கவனித்தார்கள். குடும்பத்துக்குப் போன பிள்ளைகள் பேச்சிலும் புத்தியிலும் ஒருவரோடு ஒட்டிப் பழகுவதிலும் தேறினார்கள். இரண்டு வயதுக்கு முன்னே போனவர்கள் அதிகமாகத் தேறினார்கள். இல்லங்களில் வளர்ந்த பிள்ளைகளிடம் திரும்பத் திரும்பக் காணப்பட்ட ஒரு குணம், முன்பின் தெரியாதவரிடமும் தயக்கமில்லாமல் ஒட்டிக்கொள்வது. உன் தம்பி ஆறு வயதில் எப்படி இருந்தான்? வீட்டுக்கு யாராவது புதிதாக வந்தால் அம்மா முந்தானைக்குள் ஒளிந்துகொள்வான். குடும்பத்தில் வளரும் பிள்ளை அப்படித்தான் இருக்கும். என் இடுப்பில் ஏறிய குழந்தை ஒளிந்துகொள்ளப் பக்கத்தில் முந்தானை இல்லாதவள். வாரம் ஒரு குழு வந்து அணைத்து, வாரம் ஒரு குழு விட்டுப் போய், அவளுக்கு அதுவே பழக்கமாகியிருந்தது. அந்த வரிசையில் நானும் ஒருத்தி.

அந்தப் பயணத்தில் வந்த ஞாயிற்றுக்கிழமையை நான் இதுவரை யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. எங்கள் நிகழ்ச்சி நடந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் வரிசையாக நின்று நடனம் ஆடினார்கள், நாங்கள் படம் எடுத்தோம். தண்ணீர் குடிக்க வெளியே வந்தேன். கேட்டுக்கு வெளியே, நிழல்கூட இல்லாத இடத்தில் ஒரு பெண் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். தலையில் கட்டம்போட்ட துண்டு, மடியில் ஒரு பிளாஸ்டிக் பை. அதில் வாழையிலையில் மடித்து நாரால் கட்டிய பொட்டலங்கள். ஒட்டரிசியில் வாழைப்பழம் வைத்து அவித்திருப்பார்கள், நம் இலைக்கொழுக்கட்டை போல. மொழிபெயர்ப்புக்கு வந்திருந்த தம்பியிடம் யார் இது என்று கேட்டேன். என் இடுப்பில் ஏறிய அந்தக் குழந்தையின் அம்மா. கிராமத்திலிருந்து யார் மோட்டார்சைக்கிளிலோ தொற்றிக்கொண்டு வந்திருக்கிறாள். வெளிநாட்டு விருந்தாளிகளின் நிகழ்ச்சி முடியட்டும் என்று உட்காரச் சொல்லியிருக்கிறார்கள். உட்கார்ந்து இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் குவித்துக் கும்பிட்டாள். ஒரு பொட்டலத்தை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

புருஷன் இறந்துபோனான், வீட்டில் இன்னும் மூன்று பிள்ளைகள், இங்கே விட்டால் இங்கிலீஷ் படிக்கும், மூன்று வேளை சாப்பிடும் என்றார்கள், விட்டுவிட்டேன். மொழிபெயர்த்தவன் வாயில் வந்தது இவ்வளவுதான். ஊருக்குத் திரும்பி சபையில் சாட்சி சொன்னபோது, தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகள் என்றுதான் நான் சொன்னேன். அதற்காக இன்றைக்கும் வருத்தப்படுகிறேன்.

இது ஒரு பிள்ளையின் கதை மட்டும் என்றால் உனக்கு எழுதியிருக்க மாட்டேன். கம்போடியாவில் இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் நாலில் மூன்று பேருக்காவது தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள் என்று யுனிசெஃப் சொல்கிறது. 1975 ஏப்ரலிலிருந்து 1979 ஜனவரி வரை க்மெர் ரூஜ் ஆட்சியில் சுமார் 17 லட்சம் பேர் செத்த தேசம் அது. அன்றைக்கு நாதியற்றுப்போன பிள்ளைகளுக்கு இல்லங்கள் தேவைப்பட்டன. ஆனால் அந்தப் பிள்ளைகளுக்கு இன்று பேரப்பிள்ளைகள் இருக்கும். இல்லங்களோ 2005-க்கும் 2010-க்கும் நடுவில், தேசம் அமைதியாக இருந்த காலத்தில், 75 சதவீதம் பெருகின. அங்கோர் வாட் பார்க்க வரும் கூட்டம் பெருகியதும் அதே சமயத்தில்தான். 2015-இல் அரசாங்கம் கணக்கெடுத்தபோது 406 இல்லங்கள், 16,579 பிள்ளைகள். பிள்ளைகளை இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும் என்று அதே அரசாங்கம் 2006-லேயே கொள்கை வகுத்திருந்தது. அப்படியும் பெருகியதற்குக் காரணம் நம்மைப் போன்றவர்கள்தான், பாப்பா. இல்லத்துக்குப் பணம் வருகிறது, பணம் வர ஆட்கள் வர வேண்டும், ஆட்கள் வர பிள்ளைகள் இருக்க வேண்டும். ஆகவே கிராமத்துக்குப் போய்ப் பிள்ளைகளைக் கேட்கிறார்கள். நல்ல மனசோடு நடத்துகிறவர்களும் இந்தச் சுழலில் மாட்டிக்கொள்கிறார்கள்.

நம் ஊரை எடுத்துக்கொள். சிங்கப்பூரில் 1956-லிருந்தே வளர்ப்புக் குடும்பத் திட்டம் இருக்கிறது. பெற்றவர்கள் பார்த்துக்கொள்ள முடியாத நம் பிள்ளைக்கு ஒரு வீட்டைத் தேடுகிறோம். கம்போடியப் பிள்ளைக்கு மட்டும் வரிசைக்கட்டில் போதும் என்று நினைக்க நமக்கு என்ன உரிமை?

போகச் சொல்லி வேதமே சொல்கிறதே என்று நீ கேட்பாய். யாக்கோபு நிருபம், முதல் அதிகாரம், 27-ஆம் வசனம். மறுபடியும் நிதானமாக வாசி. திக்கற்ற பிள்ளைகள் என்று சொன்ன அதே மூச்சில் விதவைகள் என்றும் சொல்லியிருக்கிறது. நான் எத்தனையோ தடவை வாசித்தும் அந்த இரண்டாம் சொல்லைத் தாண்டிப் போயிருக்கிறேன். கேட்டுக்கு வெளியே வெயிலில் உட்கார்ந்திருந்தவள் அந்த இரண்டாம் சொல். பிள்ளையையும் தாயையும் பிரித்துப் பிள்ளையை மட்டும் விசாரிக்க அந்த வசனம் சொல்லவில்லை. விசாரிப்பது என்றால் நம் சபைத் தமிழில் சும்மா எட்டிப்பார்ப்பதா? பொறுப்பெடுத்துப் பராமரிப்பது அல்லவா?

அப்படிப் பராமரித்த டோனாவூர் பாட்டி ஊர்ப்பக்கம்தான் இருக்கிறது, சின்ன வயதில் உன்னைக் கூட்டிப்போயிருக்கிறோம். மிஷனெரி ஏமி கார்மைக்கேல் 1895-இல் இந்தியாவுக்கு வந்தார். 1951-இல் டோனாவூரில் கண்மூடும் வரை ஒரு தடவைகூடச் சொந்த ஊருக்குத் திரும்பிப் போகவில்லை. அங்கே அவருடைய இல்லத்தில் பிள்ளைகளை வளர்த்தவர்களை அக்காள், சித்தி என்றுதான் கூப்பிட்டார்கள். நேற்று ராத்திரி போர்த்திவிட்ட அதே அக்காள் அடுத்த வருஷமும் போர்த்திவிடுவாள். நிஜமாகவே போக இடமில்லாத பிள்ளைக்கு அப்படி ஒருத்தி வேண்டும். ஒன்பது நாளில் நீ அவளாக முடியாது. உன் அன்பு குறைவு என்று சொல்லவில்லை, கண்ணு. உன் நாட்கள் குறைவு.

அதற்காகப் போகவே போகாதே என்று சொல்ல மாட்டேன். சபை ஏற்கெனவே வாக்குக் கொடுத்திருக்கிறது. திடீரென்று பணத்தை நிறுத்தினால் நாளைக்குச் சோறு இல்லாமல் போவது அந்தப் பிள்ளைகளுக்குத்தான். ஆனால் புறப்படும் முன் பாஸ்டர் ஐயாவிடம் உட்கார்ந்து பேசு. அவர் கோபப்பட மாட்டார், எனக்கு அவரைத் தெரியும். அங்கே இருக்கும் பிள்ளைகளில் எத்தனை பேருக்குப் பெற்றவர் இருக்கிறார்கள், கடைசியாக எப்போது வீட்டுக்குப் போனார்கள், அவர்களைத் திரும்பச் சேர்த்துவைப்பதற்கென்று யாராவது வேலை பார்க்கிறார்களா, பிள்ளைகளைக் கவனிக்கும் அம்மாக்கள் எத்தனை வருஷமாக இருக்கிறார்கள் என்று இல்லத்துக்கு எழுதிக் கேட்கச் சொல். நாம் யார் எவர் என்று அவர்கள் நம்மைக் கேட்டார்களா என்பதையும் பார். உன் தம்பியின் பள்ளிக்கூடத்தில் காவலாளி அடையாள அட்டை வாங்காமல் என்னைக்கூட உள்ளே விட மாட்டார். வேனில் வந்து இறங்கும் பதினைந்து பேரை, எந்த விசாரணையும் இல்லாமல், பிள்ளைகள் தூங்கும் அறைவரை விடும் இடத்தை நீ சந்தேகப்பட வேண்டும்.

முடிந்தால் அந்த ஒன்பது நாளை வேறு மாதிரி செலவழிக்கக் கேள். சாயங்காலம் பிள்ளைகள் தங்கள் வீட்டுக்கே திரும்பும் கிராமத்துச் சபை வகுப்பு ஏதாவது இருக்கும், அங்கே பாட்டுச் சொல்லிக்கொடு. ஃப்ரெண்ட்ஸ் இன்டர்நேஷனல் என்ற அமைப்பு 1994-இல் புனோம் பென்னில் தொடங்கியது. பெற்றவர்களுக்குத் தொழில் கொடுத்துப் பிள்ளை வீட்டிலேயே இருக்க வழிசெய்கிறார்கள், அவர்கள் வேலையைப் பற்றிப் படி. இல்லத்துக்கே போக நேர்ந்தால் அடுப்படியில் நில். பிள்ளைகளைக் கவனிக்கும் அம்மாக்களுக்குக் காய் நறுக்கிக் கொடு, பாத்திரம் தேய், துணி அலசு. அவர்கள் கை ஓய்ந்தால் பிள்ளையைத் தூக்க அவர்களுக்கு நேரம் கிடைக்கும். ஒரு குழந்தை உன் இடுப்பில் ஏறினால் தள்ளிவிடாதே. மெல்லக் கூட்டிப்போய், அங்கேயே இருக்கப்போகிற அந்த அம்மாவின் கையில் கொடு. படம் எடுத்து இன்ஸ்டாகிராமில் போடாதே. உன் ஆறு வயதுப் படத்தை, அநாதை என்று எழுதி, அந்நியர் யாராவது ஊருக்கெல்லாம் காட்டினால் உன் அம்மா சும்மா இருப்பாரா?

அந்தப் பொட்டலத்தை நான் வாங்கிக்கொண்டேன், பாப்பா. உள்ளே போய் நிகழ்ச்சியை நிறுத்தச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. பிரித்துச் சாப்பிட்டேன், இனிப்பாக இருந்தது. தாய்க்கும் மகளுக்கும் கடைசியில் கிடைத்தது கால் மணி நேரம்.

சனிக்கிழமை கடை வேலை முடிந்ததும் வீட்டுக்கு வா. மீன் குழம்பு வைக்கிறேன், இல்லத்துக்கு அனுப்ப வேண்டிய கடிதத்தை இரண்டு பேரும் சேர்ந்து எழுதுவோம். ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளைப் பார்க்க யார் யார் வருகிறார்கள், எங்கே உட்காருகிறார்கள் என்பதை முதல் கேள்வியாக வைக்கலாம்.

பிரியமுடன்,
அத்தை