போர் நின்றால் ஏமனில் தண்ணீர் வந்துவிடுமா?

"ஏமனில் தண்ணீர்ப் பஞ்சமா? எல்லாம் சண்டையால் வந்த வினை. சண்டை ஓய்ந்தால் சரியாகிவிடும்." தொலைக்காட்சி விவாதத்திலும் இதுதான், படித்தவர்கள் பேச்சிலும் இதுதான். நிலத்தடி நீரைப் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இது தவறு. ஆபத்தான தவறும்கூட.

போர் மூண்டது 2014–15இல். ஆனால் 1990களிலேயே தாயிஸ் நகரத்தில் குழாய்த் தண்ணீர் மாதம் ஒருமுறை வந்தாலே பெரிய விஷயம். கிணறு போட அனுமதி வாங்க வேண்டும் என்று தண்ணீர்ச் சட்டம் வந்தது 2002இல். ஊற்று நன்றாக இருந்த நாட்டில் அப்படியொரு சட்டம் எதற்கு?

ஏமனில் வற்றாத ஆறு ஒன்றுகூடக் கிடையாது. மலைச்சரிவில் கல் அடுக்கிப் படிப்படியாக வயல் கட்டி, பெய்த மழையை அங்கேயே நிறுத்திப் பயிர் செய்தார்கள். மிச்சம் மண்ணுக்குள் இறங்கியது. 1970களில் ஆண்கள் சவூதிக்கு வேலைக்குப் போனார்கள். கல்வரப்பு சரிந்தால் எடுத்துக் கட்ட ஆளில்லை. அவர்கள் அனுப்பிய பணமோ போர்வெல்லாக ஊர் வந்து சேர்ந்தது. அரசு டீசலை மலிவாகக் கொடுத்தது. கையால் வெட்டிய கிணற்றில் சில பத்து மீட்டரில் தண்ணீர் கிடைத்த தலைநகர் சனா சமவெளியில், இன்று துளைகள் நூற்றுக்கணக்கான மீட்டர் இறங்குகின்றன. நாட்டில் ஆண்டுக்கு ஊறுவது சுமார் 210 கோடி கன மீட்டர். இறைப்பது ஏறத்தாழ 350 கோடி. இது போருக்கு முந்தைய கணக்கு!

போர் குழாய்களையும் பம்பிங் நிலையங்களையும் உடைத்தது. 2016இல் தொடங்கிய காலராவில் சந்தேக நோயாளிகள் மட்டும் 10 லட்சத்தைத் தாண்டினார்கள். அந்தக் கொடுமையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் குழாய் உடைவது வேறு, ஊற்று வற்றுவது வேறு. டீசல் கிடைக்காமல் மோட்டார்கள் நின்றபோது விவசாயிகள் சோலார் பம்புக்கு மாறினார்கள். முன்பு டீசல் காசுக்குப் பயந்தாவது மோட்டாரை நிறுத்தினார்கள். இப்போது பொழுது சாயும்வரை ஓடுகிறது. சமாதானம் கையெழுத்தான மறுநாளும் ஓடும்.

"பாலைவனம், மழையே கிடையாது" என்பவர்கள் இப் என்ற மலைப்பகுதியைப் பார்க்கட்டும். அங்கே ஆண்டுக்கு 1,000 மி.மீ.யை ஒட்டிப் பெய்கிறது. போதைக்காக மெல்லும் காத் இலைதான் குற்றவாளியா? பாசன நீரில் மூன்றில் ஒரு பங்கு அதற்குப் போவது உண்மை. அந்தச் செடியைப் பிடுங்கிவிட்டு அதே போர்வெல்லில் திராட்சைக்கு இறைத்தால் என்ன மிச்சம்? கடல்நீரைக் குடிநீராக்கலாம் என்பவர்களுக்கு ஒரே பதில்: சனா 2,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடலோர ஏடனுக்குச் சரிப்படும், சனாவுக்கு ஏற்றிக் கட்டுப்படியாகாது.

உதவிக்குப் போகும் நிறுவனங்களே, புது போர்வெல் போட்டுப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். அந்தப் பணத்தில் சரிந்த கல்வரப்புகளை எடுத்துக் கட்டுங்கள். கல் அந்த மலையிலேயே கிடக்கிறது. அடுக்கத் தெரிந்த பெரியவர்களும் இன்னும் இருக்கிறார்கள். ஏமனுக்கு நன்கொடை அனுப்பும் வாசகர்களும், பணம் துளை போடப் போகிறதா, வரப்புக் கட்டப் போகிறதா என்று கேட்டுவிட்டு அனுப்புங்கள்.