சிறுநீரக மாற்றுக்கு முன்னும் பின்னும் உடற்பயிற்சி

நாட்பட்ட சிறுநீரகச் செயலிழப்பில் தசை படிப்படியாகக் கரைகிறது. அறுவை சிகிச்சைக்குப் பின் எழுந்து நடக்கும் வலு அந்தத் தசையில்தான் இருப்பதால், காத்திருக்கும் மாதங்களைப் படுத்தே கழிக்கக் கூடாது. இதயப் பரிசோதனை முடிந்து மருத்துவர் ஒப்புக்கொண்டதும், டயாலிசிஸ் இல்லாத நாட்களில் 10 நிமிட நடையில் தொடங்கி 30 நிமிடம் வரை மெல்லக் கூட்டலாம். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம் போதும். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருவது தொடைக்கு மிக நல்ல பயிற்சி. டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய்களை இணைத்து அமைத்த ஃபிஸ்டுலா உள்ள கையில் பெரும் பாரமோ இறுக்கமான பட்டையோ ஆகாது. நெஞ்சு வலியோ மூச்சுத்திணறலோ வந்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

மாற்று முடிந்த ஓரிரு நாளிலேயே நோயாளியை நடக்க வைப்பார்கள். வலிக்கு அஞ்சி மறுக்கக் கூடாது. காலில் ரத்தம் உறைவதையும் நெஞ்சில் சளி கட்டுவதையும் தடுக்க நடை பெரிதும் உதவுகிறது. இருமும்போது தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டால் தையல் இடத்தில் வலி குறையும்.

முதல் 6 முதல் 8 வாரங்களுக்குப் பாரம் தூக்குவது அறவே கூடாது. தண்ணீர்க் குடம், கேஸ் சிலிண்டர் மட்டுமல்ல, பலரும் மறந்துவிடுகிற கைக்குழந்தையும் பாரம்தான். புதிய சிறுநீரகம் விலா எலும்பின் காப்பு இல்லாமல் அடிவயிற்றில் இருக்கிறது. அதனால் கபடி, மல்யுத்தம் போன்றவற்றை ஆயுள் முழுதும் தவிர்ப்பது நல்லது. ஓட்டத்துக்கும் நீச்சலுக்கும் அப்படித் தடையில்லை. காயம் ஆறி, மருத்துவர் அனுமதித்தபின் தொடங்கலாம். புதிய சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமலிருக்கத் தரும் ஸ்டீராய்டு மாத்திரை பசியைத் தூண்டி எடையை ஏற்றும், எலும்பையும் தசையையும் மெலியச் செய்யும். ஆகவே சில மாதங்களுக்குப் பின் நடையோடு லேசான எடைப் பயிற்சியும் சேர வேண்டும்.